என்றும் மாணவராய் வாழ்ந்த ஆசிரியர்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் - கணிதம்)

தமிழ்த் தாத்தா என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது தலைப்பாகையும் திருநீறும் தோளில் சால்வையுமாக அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் படம். ஊர் ஊராகச் சென்று ஏட்டுச்சுவடி தேடியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அவர் நம் பேராசிரியர்களைப் போலவே மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து பாடம் நடத்திய ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் அந்த ஆசிரிய வாழ்க்கையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கணிதம் படிக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் வகுப்பில் எது புரியாவிட்டாலும் எழுந்து கேட்க மாட்டேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். மற்றவர்க்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்ற அச்சம். அப்படியிருந்த நாளில் நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று படித்த நூல் ஐயர் எழுதிய ‘என் சரித்திரம்’. அந்த நூல் என் வெட்கத்தைப் பெருமளவு போக்கியது. எவ்வாறு என்பதை இக்கட்டுரையின் போக்கில் சொல்கிறேன்.

குருவைத் தேடிய இளமை

ஐயர் பிறந்தது 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள். சொந்த ஊர் தஞ்சைத் தரணியில் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர், தாய் சரசுவதி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் இசை வல்லவர். இராம கதையை ஊர்தோறும் பாடிச் சொல்லி, மக்கள் அன்போடு கொடுப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருமானம் கிடையாது.

மகனோ தமிழின்மேல் தீராத காதல் கொண்டான். அவனுக்குத் தமிழ் சொல்லித்தர எந்த ஊரில் ஆள் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பமே குடிபெயர்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் சில நூல்கள், குன்னத்தில் சில நூல்கள், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் இலக்கணம் என்று துளித்துளியாகக் கற்றான். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களை நம் மாவட்டத்தில் நாம் நன்கு அறிவோம். படிப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் போன குடும்பம் அது.

தமக்குத் தெரிந்ததைச் சொல்லித் தந்த ரெட்டியார், தம்மினும் பெரிய ஆசிரியரிடம் செல்லுமாறு அந்த மாணவனுக்கு வழி காட்டினார். அந்தப் பெரிய ஆசிரியர்தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தம்மிடமே மாணவனை வைத்துக்கொள்ள எண்ணாமல் மேலே அனுப்பிவைத்த ரெட்டியாரின் உள்ளம் எத்தகையது! நல்லாசிரியரின் முதல் இலக்கணம் அதுவே அன்றோ?

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார் ஐயர். அப்போது அவருக்கு வயது பதினாறு. சாமிநாதன் என்று அவரை அழைக்கத் தொடங்கியவரும் பிள்ளையவர்களே. வீட்டார் வைத்த பெயர் மறைந்து, ஆசிரியர் அழைத்த பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

பிள்ளையவர்கள் கூலி வாங்காமல் கல்வி கொடுத்தவர். சாதி சமய வேறுபாடு பார்க்காதவர். சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் அவருடைய அன்பு மாணவர்களுள் ஒருவர். புராணங்களை ஓயாமல் பாடுவார். அவர் வாய் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். பெரும்புகழ் இருந்தும் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் காலமானார். ஐந்தாண்டு இருந்த அந்தக் குருகுல வாழ்வு ஐயரின் எஞ்சிய அறுபத்தாறு ஆண்டுகளுக்கும் அடித்தளமாயிற்று. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தாம் படித்தும் இளையவர்க்குப் பாடம் சொல்லியும் வந்தார். ஆசிரியப் பணியின் முதற்படி அங்கேயே தொடங்கியது.

நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்

கும்பகோணத்தில் காவிரிக் கரையில் இருக்கிறது அரசினர் கல்லூரி. அங்குத் தமிழாசிரியராக விளங்கியவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணவரே. உடல்நலம் குன்றியதால் ஓய்வு பெற எண்ணிய செட்டியார், தம் இடத்திற்குத் தகுந்தவர் ஐயரே என்று முடிவு செய்தார். அதோடு நிற்கவில்லை. தாமே திருவாவடுதுறைக்குச் சென்றார். ஐயரைப் பிரிய மனமில்லாத தேசிகரிடம் பேசி இசைவு பெற்றார். கல்லூரித் தலைவர் கோபால ராவிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் அழைத்துச் சென்றார். அவர்கள் ஐயரின் புலமையைச் சோதித்துப் பார்த்தே வேலையை அளித்தார்கள். 1880ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஐயர் கல்லூரி ஆசிரியரானார். திங்கள் ஊதியம் ஐம்பது ரூபாய். வயது இருபத்தைந்து.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பெண்ணுக்கு அடுத்த பேச்சு திருமணப் பேச்சுதான். என் வீட்டிலும் அப்பேச்சு எழுந்தது. மதிப்பெண் பட்டியல் வந்த மறுவாரம் எங்கள் கணித ஆசிரியை பேருந்து ஏறி எங்கள் வீட்டிற்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த கூழைக் குடித்தார். அப்பாவிடம் நெடுநேரம் பேசினார். அன்று அப்பா தலையை ஆட்டவில்லை. அடுத்த வாரம் ஆசிரியை மீண்டும் வந்தார், கல்லூரி விண்ணப்பப் படிவத்தோடு. கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பா அந்தப் படிவத்தில் பெருவிரலை ஊன்றினார். ஒரு மாணவருக்காக ஓர் ஆசிரியர் படி ஏறிப் போய்ப் பேசுவது எத்தனை பெரிய செயல் என்பது படி ஏறி வரப்பெற்றவர்களுக்கே தெரியும்.

ஐயரும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டிற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் சூட்டினார். தம் பெயரோ பெற்றோர் பெயரோ அன்று. தமக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தவரின் பெயர்.

வகுப்பறையில்

அக்காலத்தில் ஆங்கிலக் கல்லூரிகளில் தமிழாசிரியர் நிலை பெருமைப்படத்தக்கதாக இல்லை. மற்றப் பாடங்களை நடத்துபவர் ஆங்கிலத்தில் முழங்குவர், பட்டம் பெற்றவர். தமிழ்ப் பண்டிதரோ ஆங்கிலம் அறியார்; பட்டமும் பெறாதவர். ஊதியமும் குறைவு. மாணவர் சிலர் தமிழ் வகுப்பை ஓய்வு நேரமாகக் கருதுவதும் உண்டு. இளைஞரான ஐயர் ஏறக்குறையத் தம் வயதினரான மாணவர்களின் முன் நிற்க வேண்டியிருந்தது.

அவருக்குக் கைகொடுத்தது தந்தையிடம் கற்ற இசை. மாயூரத்தில் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமும் சிறிது காலம் அவர் இசை பயின்றிருந்தார். செய்யுளை இராகத்தோடு படிப்பார். சொற்களைப் பிரித்துப் பொருள் கூறுவார். இடையிடையே தாம் கேட்ட கதைகளையும் கண்ட மனிதர்களையும் எடுத்துச் சொல்லுவார். செய்யுள் என்றால் கசப்பு மருந்து என்று எண்ணியிருந்தவர்களையும் செவி சாய்க்க வைத்தார். பாடத்திற்கும் மாணவனுக்கும் இடையே உள்ள வேலியை நீக்குபவரே ஆசிரியர் என்றால், ஐயர் முதல் நாளிலிருந்தே ஆசிரியர்தாம்.

ஒரு கேள்வியும் ஓர் இரவும்

அதே 1880ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 21ஆம் நாள். கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை வரிசையாக அடுக்கினார். வேறு யாராக இருந்தாலும் வியந்து போயிருப்பர். முதலியார் வியக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்ததால் என்ன பயன் என்று கேட்டார். இவற்றிற்கு முற்பட்ட சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார்.

ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய பேராசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

எண்ணிப் பாருங்கள். ஒன்பது ஆண்டுகளாக இரவு பகல் பாராமல் தமிழ் ஒன்றையே படித்தவர், மகாவித்துவானின் மாணவர், அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர். அவர்முன் தமிழின் தலையாய நூல்களின் பெயர்களைச் சொல்லித் தெரியுமா என்று ஒருவர் கேட்கிறார். அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் கோபம் கொண்டிருப்பார். அல்லது எதையோ சொல்லி மழுப்பியிருப்பார். ஐயர் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். வீடு திரும்பியும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தாம் கற்றது கடலில் ஒரு கைப்பிடி நீர்தானோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. மீண்டும் முதலியாரிடம் சென்று சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுவந்து படிக்கத் தொடங்கினார்.

படித்தால் புரியவில்லை. சமண சமயக் கருத்துகள் நிறைந்த நூல் அது. நச்சினார்க்கினியர் உரையோ பல நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டிக்கொண்டே செல்கிறது. அந்நூல்களின் பெயர்கள்கூட ஐயருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களின் வீடுகளுக்குச் சென்றார். அவர்கள் அந்நூலைப் போற்றிப் படித்து வருவதைக் கண்டார். கல்லூரிப் பண்டிதர் என்ற பெருமையைத் திண்ணையிலேயே இறக்கி வைத்துவிட்டு மாணவராக அமர்ந்து ஐயம் கேட்டார். பகலில் ஆசிரியர், மாலையில் மாணவர். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி உரையோடு அச்சேறியது.

மணிமேகலையைப் பதிப்பித்தபோதும் அப்படித்தான். பௌத்த சமயம் பற்றிய நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது. மளூர் ரங்காசாரியர் என்ற ஆசிரியர் அவற்றைப் படித்து அவருக்கு எடுத்துச் சொன்னார். இந்த ரங்காசாரியர்தாம் பின்னாளில், ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் என்னும் சமண அறிஞர் எழுதிய ‘கணித சார சங்கிரகம்’ என்ற கணித நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் பதிப்பித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த பூண்டி அரங்கநாத முதலியார் ‘கச்சிக் கலம்பகம்’ பாடிய தமிழ்ப் புலவர்; ஐயரின் பணிக்கு ஊக்கம் தந்தவர். கணிதம் வேறு, தமிழ் வேறு என்று நாம் இன்று போட்டிருக்கும் சுவர் அவர்களிடையே இருக்கவில்லை. கணித மேதை இராமானுசன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது 1904இல். ஐயர் அங்கிருந்து மாறிச் சென்றது 1903இல். ஓராண்டு இடைவெளியில் இரு மேதைகள் ஒரே கல்லூரியில் சந்திக்காமல் போயினர்.

நம் மண்ணும் அவரும்

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர் சேலத்துக்காரர். நம் தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் நாள் வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியே. எனவே அந்தக் கேள்வி நம் சீமையிலிருந்து எழுந்தது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு நம் மண் பெற்ற விடையும் உண்டு.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை இங்குள்ள சிறு பிள்ளையும் சொல்லும். அதியமான்கோட்டை வழியாகப் போகாத சேலம் பேருந்து இல்லை. ஆனால் அதியமானைப் பற்றிய பழம்பாடல்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? நெல்லிக்கனி கொடுத்த செய்தியைக் கூறும் சிறுபாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டை ஐயர் 1889இல் பதிப்பித்தார். ஔவையார் அதியமானைப் பாடிய பாடல்கள் அடங்கிய புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் பதிற்றுப்பத்தை 1904இல் பதிப்பித்தார்.

அந்தப் புறநானூற்றில்தான் தொண்டைமானின் படைக்கலச் சாலையில் நின்று ஔவையார் நயமாகப் பேசியது இருக்கிறது. மாலை சூட்டி நெய் பூசிப் பளபளப்பாக வைத்திருக்கும் அவன் வேல்களைப் புகழ்வது போலப் புகழ்ந்து, எங்கள் அரசனின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குத்திக்காட்டுகிறார். கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அதியமானின் முன்னோர் என்ற செய்தியும் அதில்தான் இருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் பாட்டு நினைவுக்கு வருகிறது. 1981ஆம் ஆண்டு சம்பை என்னும் ஊரில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த பழங்கல்வெட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. பாட்டில் வாழ்ந்தவன் கல்லிலும் வாழ்ந்தான் என்று அன்று உறுதியாயிற்று. பாட்டு அச்சாகாமல் இருந்திருந்தால் கல்லில் உள்ள பெயர் யாருடையது என்று அறிய வழி ஏது?

இவற்றையெல்லாம் ஐயர் ஓய்வு பெற்ற பின் செய்தார் என்று எண்ண வேண்டா. கல்லூரியில் முழு நேரம் பாடம் நடத்திக்கொண்டே செய்தார். விடுமுறை விட்டால் ஏடு தேடும் பயணம். கல்லூரி திறந்தால் பாடம். இரவில் ஒப்புநோக்கும் வேலை. சென்ற இடமெல்லாம் சிறப்பு என்றும் இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் ஏடுகள் இருப்பதாகக் கேட்டுத் தேடிச் சென்றார். பழுதடைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடுவது வழக்கம் என்று சொல்லி அவற்றை எரித்துவிட்ட செய்தியே அவருக்குக் கிடைத்தது. வெறுங்கையோடும் கனத்த நெஞ்சோடும் திரும்பினார். அச்சுச் செலவுக்குப் பணமின்றி இடர்ப்பட்டார். குறை கூறியோரின் கண்டனங்களையும் தாங்கினார். ஆயினும் பணி நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற பெரியோரும் அக்காலத்தே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினர் என்பதை மறத்தல் ஆகாது. ஒருவர் இழுத்து நகர்ந்த தேர் அன்று அது.

தெரியாததைத் தெரியாது என்றவர்

புறநானூறு என்றால் நானூறு பாடல் இருக்க வேண்டும். ஆனால் 267, 268 ஆகிய எண்ணுள்ள பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. செய்யுள் எழுத வல்ல புலவருக்கு இடைவெளியை நிரப்புவது அரிதன்று. ஐயர் அதைச் செய்யவில்லை. ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டினார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே அச்சிட்டார். வெவ்வேறு ஏடுகளில் வெவ்வேறாக இருந்த பாடங்களையும் அடிக்குறிப்பில் தந்தார்.

கணிதத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் ஒழுக்கம் இதுதான். நிறுவாததை நிறுவியதாகச் சொல்லக்கூடாது. விடுபட்ட படியை மூடி மறைக்கக்கூடாது. தமிழ்ப் புலவர் ஒருவரிடம் அதே ஒழுக்கத்தைக் கண்டபோது என் வெட்கம் கரைந்தது. இருபத்தைந்து வயதில் ஒரு முன்சீபின் முன்னே படித்ததில்லை என்று சொன்ன அதே உண்மைதான், பின்பு அச்சுப் பக்கத்தில் புள்ளிகளாக நின்றது. தெரியாது என்று சொல்வது தாழ்வன்று. கற்றலுக்கு அதுவே முதற்படி. மறுவாரம் வகுப்பில் எனக்கு விளங்காத ஒரு தேற்றத்தைப் பற்றி எழுந்து நின்று கேட்டேன். கால்கள் நடுங்கத்தான் செய்தன. பேராசிரியர் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து மீண்டும் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் தோழியர் நால்வர் வந்து தங்களுக்கும் அது விளங்காமலிருந்ததாகச் சொன்னார்கள்.

சென்னையிலும் சிதம்பரத்திலும்

1903ஆம் ஆண்டு ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1906இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை அளித்தது. அதைப் பாராட்டிப் பாரதியார் கவிதை பாடினார். 1919இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஆசிரியப் பணி அவரை விடவில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்து மீண்டும் மாணவரிடையே வாழ்ந்தார். அப்போது அவர் எழுபதை எட்டியிருந்தார். கவியரசர் தாகூர் 1926இல் அவரைக் கண்டு மகிழ்ந்தார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. கல்லூரியில் ஒரு நாளும் மாணவராக உட்கார்ந்து பட்டம் வாங்காதவரைப் பல்கலைக்கழகமே தேடி வந்து சிறப்பித்தது. 1937இல் காந்தியடிகள் தலைமையில் சென்னையில் நடந்த இலக்கிய மாநாட்டில் வரவேற்புரை ஆற்றினார். அதே ஆண்டில் குறுந்தொகையைத் தம் உரையோடு வெளியிட்டார். அப்போது வயது எண்பத்திரண்டு!

திரும்பிப் பார்த்த ஆசிரியர்

எண்பத்தைந்தாம் வயதில், 1940ஆம் ஆண்டு சனவரி முதல், ஆனந்த விகடனில் வாரந்தோறும் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார் ஐயர். பழைய நூல்களையெல்லாம் பதிப்பித்தவர் இப்போது தம் வாழ்வையே ஒரு சுவடியாகப் பிரித்தார்.

அதில் வியப்பான ஒன்றைக் கண்டேன். தன் வரலாறு எழுதுவோர் தம் பெருமை பேசுவது இயல்பு. ஐயரின் நூலிலோ திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லித் தந்தவர் முதல் மகாவித்துவான் வரை அவருக்குக் கற்பித்தோரே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கிறார்கள். யார் எந்த நூலைச் சொன்னார், எந்த ஊரில் சொன்னார், சோறு போட்டவர் யார், சுவடி இரவல் கொடுத்தவர் யார் என்று ஒருவரையும் விடவில்லை. அதற்கு முன்பே பிள்ளையவர்களின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக எழுதி வெளியிட்டிருந்தார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து மாணவர் செலுத்திய கடன் அது. நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் திரும்பிப் பார்த்தபோது தம்மை ஆசிரியராகக் காணவில்லை, மாணவராகவே கண்டார்.

அந்த வரலாறு முற்றுப்பெறவில்லை. 122 அத்தியாயங்கள் வரை வந்து நின்றுவிட்டது. 1899ஆம் ஆண்டு வரையுள்ள செய்திகளே அதில் உள்ளன. மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திய பதினாறு ஆண்டுகளையும் சிதம்பர வாழ்வையும் அவர் தம் கையால் எழுத முடியவில்லை. உலகப் போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய காலத்தில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார். சிதைந்த ஏடுகளை நிறைவு செய்ய வாழ்நாளெல்லாம் உழைத்தவரின் சொந்த ஏடு நிறைவுறாமலே நின்றது. 1950இல் அது நூலாக வெளிவந்தது.

அவர் தொகுத்த சுவடிகள் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன. 2006இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. ஆனால் செட்டியாரின் பெயர் தாங்கி நின்ற திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஏட்டைக் காத்தவரின் வீட்டை நாம் காக்கத் தவறினோம். நன்றி மறவாமைக்கு அடையாளமாக ஒருவர் வைத்த பெயரே இடிபாட்டில் போயிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

நாம் செய்ய வேண்டுவது

வீடு போனால் போகட்டும். அது சொன்ன பாடம் போகக்கூடாது. நம்மில் பலர் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த குடும்பத்தினர். நம் ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு விருத்தாசல ரெட்டியார் இருக்கிறார்; ஒரு தியாகராச செட்டியார் இருக்கிறார். அவர்கள் பெயர் எந்த நூலிலும் வராது. சிற்றூர்ப் பள்ளிகளில் சுண்ணாம்புத் தூளோடு முப்பது ஆண்டு கழித்துவிட்டு, ஒரு மாலையும் ஒரு குடமும் பெற்றுக்கொண்டு ஓய்வு பெற்றுப் போகிறார்கள். நாம்தாம் அவர்கள் வரலாற்றை எழுத வேண்டியவர்கள். எழுத முடியாவிட்டாலும் நேரில் சென்று சொல்லலாம் அல்லவா?

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இருமுறை வந்த அந்தக் கணித ஆசிரியை இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குச் செல்வேன். இம்முறை படி ஏறுவது என் முறை. படித்து முடித்ததும் நானும் ஆசிரியப் பணிக்கே செல்ல விரும்புகிறேன் என்று அவரிடம் சொல்வேன். அப்பாவிடம் முன்னமே சொல்லிவிட்டேன். இம்முறை அவர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடக் கற்றுத்தரும்படியும் கேட்டிருக்கிறார். என் முதல் மாணவர் அவர்தாம்.

வாழ்க ஆசிரியப் பெருமக்கள்! வளர்க நம் கல்லூரி!